முடி மாத்திரை உடம்பைக் கரைக்காது, தம்பி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஜிம் பசங்களிடம் இப்போது இதே பேச்சுதான்: "அண்ணே, முடி மாத்திரை போட்டா ஹார்மோன் இறங்கிடும், உடம்பு ஏறாது." நெற்றி மேலேறி, தொப்பியைக் கழற்றாமலே திரிகிறவனும் இதைச் சொல்லி, முடி கொட்டுவதைத் தடுக்கும் ஃபினாஸ்டெரைட் மாத்திரையைத் தொடமாட்டேன் என்கிறான். வேண்டாமென்றால் விடட்டும், அவன் தலை. ஆனால் சொல்லும் காரணம் தப்பு.

அந்த மருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதில்லை. டெஸ்டோஸ்டிரோனை டி.எச்.டி. என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதியைத்தான் தடுக்கிறது. தினம் 1 மில்லிகிராமில் ரத்தத்தின் டி.எச்.டி. சுமார் 70 விழுக்காடு இறங்கும். டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறக்கூடச் செய்யும். முடிவேரைச் சுருக்குவது டி.எச்.டி. சதையில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

டொமினிக்கன் குடியரசில் சில குடும்பங்களுக்குப் பிறவியிலேயே இந்த மாற்றம் நடப்பதில்லை. பெண்பிள்ளை என்று நினைத்து வளர்த்த ஆண் குழந்தை பருவ வயதில் கட்டுடல் இளைஞனாகிவிடும், முன்வழுக்கையும் விழாது. 1974-இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான் இந்த மருந்துக்கே யோசனை பிறந்தது. இதே வகையில் இதைவிட வீரியமான டுடாஸ்டெரைட் மருந்தை டெஸ்டோஸ்டிரோன் ஊசியோடு கொடுத்து 2012-இல் பார்த்தார்கள். அப்போதும் சதை வளர்ச்சி குறையவில்லை.

பக்கவிளைவே இல்லை என்று சொல்லவரவில்லை. சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும். மனம் சோர்ந்துபோவதும் உண்டு. தற்கொலை எண்ணம் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையமே 2025-இல் உறுதிசெய்தது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்கள் டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். இந்த மாத்திரைக்கு நடுங்குகிறவனே, லேபிள் இல்லாத குப்பியில் எவனோ விற்கும் 'ஜூஸ்' ஊசியை, அதாவது உடம்பு ஏற்றும் ஸ்டீராய்டைக் கேள்வி கேட்காமல் குத்திக்கொள்கிறான். ஹார்மோனைக் குலைப்பது அதுதான்! வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை விதைப்பைக்குச் சமிக்ஞை அனுப்புவதை நிறுத்தும். விதை சுருங்கும், விந்தணு குறையும். குப்பியில் இருப்பது 'டெக்கா' (நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு) என்றால் இன்னொரு கூத்து. அதன் வீரியத்தை உடம்பு தணிப்பதே ஃபினாஸ்டெரைட் தடுக்கும் அதே நொதியால்தான். இரண்டையும் சேர்த்தால் இருக்கிற முடியும் கொட்டலாம்.

மாத்திரை வேண்டுமென்றால் கிளினிக்கில் டாக்டரைப் பார்த்து, பெட்டியில் எம்.ஏ.எல். எண் (மலேசிய மருந்துப் பதிவு எண்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் மனைவி கர்ப்பமாக இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக்கூடாது. கோயில் ரத்த தான முகாமுக்குப் போனாலும் முதலில் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.