ஃபாஃப்னிர் என்று பேர் வைத்தவருக்கு ஒரு சபாஷ்

ஜப்பானிலிருந்து வந்த, ஒன்றோடொன்று மோதவிட்டு விளையாடும் பேபிளேட் பம்பரங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது இரண்டே விஷயம்தான். ஒன்று, காசைக் கறக்கிற சாமான். இரண்டு, வாயில் நுழையாத பேர். முதலாவதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேர் விஷயத்தில் நான் பிள்ளைகள் கட்சி.

ஃபாஃப்னிரை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஐரோப்பாவின் நார்ஸ் பழங்கதையில் இவன் தங்கத்துக்காகப் பெற்ற அப்பனையே கொன்றவன். தம்பிக்குக் காலணாகூடப் பங்கு தராமல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், அதைக் காத்துக் கிடந்தே டிராகனாக மாறிப்போனவன். இப்போது ‘பர்ஸ்ட்’ வரிசையில் வந்த டிரெய்ன் ஃபாஃப்னிர் பம்பரத்தைப் பாருங்கள். பெரும்பாலான பம்பரங்கள் வலப்பக்கமாகச் சுற்றும்போது இது இடப்பக்கமாகச் சுற்றும். விளிம்பில் ரப்பர். எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டும் உரசும்போது, தொடுகிற இடத்தில் இரண்டின் விளிம்பும் ஒரே பக்கமாகத்தான் நகரும். பல் பொருந்திய சக்கரங்கள் மாதிரி, வேகமானது மெதுவானதைத் தள்ளிவிடும். ரப்பர் பிடிமானம் கொடுக்க, எதிராளியின் சுழற்சியைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, அவன் தள்ளாடும்போதும் இது நின்று சுற்றும். அடுத்தவன் சொத்தில் வாழ்கிற பம்பரத்துக்கு ஃபாஃப்னிரை விடப் பொருத்தமான பேர் இருக்கிறதா, சொல்லுங்கள்.

2008இல் தொடங்கிய ‘மெட்டல் ஃபைட்’ வரிசையிலும் இந்தக் கெட்டிக்காரத்தனம் உண்டு. அங்கே பேர்கள் நட்சத்திரக் கூட்டங்களிலிருந்து வந்தவை. சிங்கத்தின் பேர் கொண்ட ராக் லியோனே தற்காப்பு வகைப் பம்பரம். ஏன் சிங்கம் தற்காப்புக்கு? சிங்கம் என்றால் பாய வேண்டாமா? கிரேக்கக் கதையில் சிம்ம ராசிச் சிங்கத்தின் தோலை எந்த ஆயுதமும் துளைக்காது. அதனால்தான் மாவீரன் ஹெராக்ளிஸ் அதன் கழுத்தை நெரித்துக் கொல்ல வேண்டியதாயிற்று. பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பேர் கொண்ட கெர்பெக்ஸும் தற்காப்பு வகைதான். சரியாக யோசித்திருக்கிறார்கள்.

1999இல் வந்த முதல் தலைமுறைக்குப் பின்னால் இருப்பது கிழக்காசியாவின் நான்கு திசைக் காவல் விலங்குகள்: கிழக்கே நீல டிராகன், தெற்கே செம்பறவை, மேற்கே வெண்புலி, வடக்கே பாம்பு சுற்றிய ஆமை. ஜப்பானில் நாரா மாநிலத்து அசுகாவில் கிடோரா என்றொரு பழைய கல்லறை இருக்கிறது. அதன் நான்கு சுவரிலும் இந்த நால்வரையும் தீட்டி வைத்திருக்கிறார்கள், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால். டிராகூன், டிரான்சர், டிரைகர், டிராசியல் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே, அது அந்தச் சுவர்களின் பட்டியல்தான்.

எல்லாமே இப்படி அமையவில்லை. லாஞ்சைனஸ் கிறித்தவ மரபில் சிலுவையிலிருந்த இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்திய போர்வீரன். யோவான் நற்செய்தியில் அவனுக்குப் பேரே கிடையாது, பின்னால் வந்த நூலில் வைத்ததுதான். பம்பரத்தில் அவன் டிராகன்! பஹமூத் அரபுப் பழங்கதையில் உலகத்தையே தாங்கி நிற்கும் பிரம்மாண்டமான மீன். அதுவும் இங்கே டிராகன். வேறு விளையாட்டுகள் முன்பே அதை டிராகனாக்கிவிட்டன, இவர்கள் அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். உலகத்தைச் சுமக்கிற மீன் என்றால் அசைக்க முடியாத பம்பரம் ஒன்றுக்கு எவ்வளவு அருமையான யோசனை! ஓசை நன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். சோம்பேறித்தனம், வேறென்ன.

ஆனால் என் உண்மையான கோபம் இவர்கள் மேல் இல்லை. ஜப்பானுக்கு வெளியே விற்கும்போது பேரை மாற்றினார்களே, அவர்கள் மேல்தான். வால்கிரி ‘வால்ட்ரையெக்’ ஆனது. ஓடின் ‘ஓடாக்ஸ்’. ஸ்ப்ரிகன் ‘ஸ்ப்ரைசன்’. புதிதாகச் செய்த பேரை வணிகக் குறியாகப் பதிவது சுலபம் என்பது எனக்கும் தெரியும். அதற்காக? ஸ்ப்ரிகன் என்று தேடுகிற பிள்ளைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் கிடைக்கும். புதைத்த செல்வத்தைக் காக்கும் குட்டி உருவங்கள், செத்த அரக்கர்களின் ஆவி என்று ஊரார் நம்பியவை, நினைத்தால் வீடளவுக்கு வீங்கி நிற்பவை, எல்லாம் கிடைக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஸ்ப்ரைசன் என்று தேடினால் கிடைப்பது விலையும், இருப்பில் உண்டா இல்லையா என்ற தகவலும்.