கலவையை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது

கலாம் பிறந்த பக்கம் என்பதாலோ என்னவோ, மண்டபம், உச்சிப்புளி, தொண்டி என்று நம் கடலோரப் பிள்ளைகள் பலருக்கு ஏரோநாட்டிக்கல், மெட்டலர்ஜி மீது ஆசை. லீவுக்கு ஊருக்கு வரும்போது பேசுவார்கள். டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த டைட்டானியம் அலுமினைடு என்ற கலவையைக் கேட்டால், "48 அலுமினியம், 2 குரோமியம், 2 நியோபியம்" என்று சதவீதக் கணக்கு டக்கென்று வருகிறது. அதை எந்தச் சூட்டில், எப்படி உருவாக்கினார்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை, நாம் பாடம் நடத்தும் விதத்தில்தான்.

நிக்கல் கலவையோடு ஒப்பிட்டால் இந்த உலோகத்துக்குப் பாதி எடைதான். போயிங் 787-இன் ஜிஇஎன்எக்ஸ் இன்ஜினில் டர்பைன் பிளேடாக 2012 முதல் பறக்கிறது. ஆனால் சாதாரணச் சூட்டில் 1, 2 சதவீதம் நீள்வதற்குள் உடைந்துவிடும். வார்த்தெடுத்த கட்டியில் படிகங்கள் பெரியவை, அலுமினியமும் சீராகப் பரவியிருக்காது.

அந்தக் கட்டியைச் சூடாக்கி, டை எனும் துளையுள்ள அச்சு வழியே தள்ளும்போதுதான் உள்ளே எல்லாம் மாறுகிறது. பழைய அடுக்குகள் நொறுங்கி, புதிய நுண்படிகங்கள் முளைக்கின்றன. வெறும் கட்டியாகத் தள்ள முடியாது; டை பட்டதும் மேல்பரப்பு குளிர்ந்து விரிசல் விடும். அதனால் எஃகு உறைக்குள் அடைக்கிறார்கள். அந்தச் சூட்டில் உறை மெழுகாய் இளகி முந்திக்கொண்டு ஓடிவிடுமே? அதற்காக, உலையிலிருந்து எடுத்தபின் வேண்டுமென்றே சில நொடிகள் வெளியே வைத்து, உறை மட்டும் கொஞ்சம் ஆறியதும் தள்ளுகிறார்கள். இந்த நிதானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

வார்ப்பில் 300, 400 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அளவு) பட்டாலே வளைந்துகொடுக்கும் கலவை, சரியாகத் தள்ளினால் 800-ஐயும் தாண்டும். தள்ளும் சூட்டில் 1300 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓர் எல்லை உண்டு, கலவைக்குக் கலவை கொஞ்சம் மாறும். அதற்கு மேலே தள்ளினால் மெல்லிய அடுக்குகள் நிறைந்த அமைப்பு, கீழே தள்ளினால் உருண்டைப் படிகங்கள் கலந்த அமைப்பு. நுண்படிகம் கூடினால் பலமும், உடையாமல் நீளும் தன்மையும் கூடும். ஆனால் நெடுநேரச் சூட்டில் மெல்ல நீளும் க்ரீப்பைத் தாங்க அடுக்கு அமைப்புதான் மேல். இன்னொன்று, தள்ளிய திசையிலேயே அமைப்பு படிந்துவிடும். நம் ஊர்ப் பனங்கை நீளவாக்கில் பாரம் தாங்கும், குறுக்கே அப்படி இல்லை, அதே கதைதான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வார்த்ததும் தள்ளியதுமான நுண்ணோக்கிப் படங்கள் இரண்டை வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சதவீதத்தைக் கேட்பதற்கு முன், எது எந்தச் சூட்டில் வந்தது என்று கேளுங்கள்.