மிச்சம் எத்தனை நிமிஷம்?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'சிட்டிசன் கேன்' பார்த்தபோது, இன்னும் எவ்வளவு நேரம் பாக்கி இருக்கிறது என்று ரிமோட்டை அழுத்தி ஏழு தடவை பார்த்தேன். மொத்தப் படமே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவு.

நான் சினிமா படித்த ஆள் இல்லை. வேலை முடிந்து, காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு படம் பார்க்கிற ரகம். 'செத்துப்போவதற்குள் பார்த்துவிட வேண்டிய படங்கள்' மாதிரி ஒரு பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தேன். பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. ஆனால் அதற்குள் எனக்கென்று ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது. மிச்ச நேரத்தை எத்தனை தடவை எட்டிப் பார்த்தேன்? ஐந்துக்கு நாலரை ஸ்டார் என்று வாய் பொய் சொல்லும். ரிமோட்டில் இருக்கிற விரல் சொல்லாது.

'கேன்' விஷயத்துக்கு வருகிறேன். 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும். அதில் 1962-லிருந்து 2002 வரை தொடர்ந்து ஐந்து தடவை முதலிடம் இந்தப் படத்துக்குத்தான். அப்படிப்பட்ட படத்தின் முன்னால் யார் சாவகாசமாக உட்கார முடியும்? பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. போதாததற்கு, பத்திரிகை முதலாளி கேன் சாகும்போது சொல்கிற கடைசி வார்த்தையான 'ரோஸ்பட்' என்றால் என்ன என்பதுதான் படத்தின் புதிர். அது எனக்கு முன்பே தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ போட்டு உடைத்திருக்கிறார்.

படம் முடிந்த பிறகுதான் தேடிப் படித்தேன். ஆர்சன் வெல்ஸுக்கு அதை எடுத்தபோது 25 வயசு. கிரெக் டோலண்டின் கேமராவில் முன்னால் நிற்பவரும் தூரத்தில் நிற்பவரும் ஒரே துல்லியத்தில் தெரிகிறார்கள். கேமராவை ரொம்பக் கீழே வைத்து, செட்டில் கூரை தெரிய எடுத்திருக்கிறார்கள். படித்ததும் மரியாதை வந்தது. ஆனால் மரியாதை வேறு, பிடித்துப்போவது வேறு இல்லையா? இந்த உத்திகளைப் பின்னால் வந்த படங்களில் ஏற்கெனவே பார்த்துப் பழகியாயிற்று. தாத்தா சொன்ன ஜோக்கைப் பேரன்கள் எல்லாரும் சொல்லிச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கடைசியில் தாத்தாவிடமே போய்க் கேட்டால் எப்படி இருக்கும்? அவர்தான் அதைக் கண்டுபிடித்தவர் என்று தெரியும். சிரிப்புதான் வராது.

ஒரு இடம் மட்டும் விதிவிலக்கு. கேனும் முதல் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் காலை உணவுக்கு உட்காருகிற காட்சி. முதலில் கொஞ்சல். கேமரா சட்டென்று திரும்புகிறது, வருஷம் ஓடியிருக்கிறது, பேச்சில் லேசாக ஒரு முள். மறுபடி திரும்புகிறது, முள் பெரிதாகியிருக்கிறது. கடைசியில் மேஜையின் அந்தக் கோடியில் அவள் வாய் திறக்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறாள். அதுவும் கணவனுடைய பேப்பர் இல்லை, போட்டிப் பேப்பர்! ஒரு கல்யாணம் முழுக்க இரண்டு மூன்று நிமிஷத்தில் முடிந்துபோகிறது. அதைத் திரும்ப ஓட்டி மூன்று தடவை பார்த்தேன்.

இதற்கு நேர் எதிர் '12 ஆங்ரி மென்'. 1957-ல் வந்த படம், 96 நிமிஷம், கிட்டத்தட்ட முழுக்க ஒரே அறை. ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஜூரிகள், பன்னிரண்டு ஆண்கள், வியர்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். ரிமோட்டைத் தொட்டது பூஜ்யம் தடவை. படம் போகப் போக எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தது. புழுக்கத்தைப் பற்றி அவர்கள் ஓயாமல் பேசுவதால் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால், இயக்குநர் சிட்னி லூமெட் வேண்டுமென்றே செய்த வேலை அது. ஆரம்பத்தில் கேமரா கண் மட்டத்துக்கு மேலே, நடுவில் கண் மட்டம், கடைசியில் அதற்கும் கீழே. லென்ஸையும் மாற்றிக்கொண்டே போய்ச் சுவர்களை நெருக்கியிருக்கிறார். சினிமாவுக்கு அவர் எடுத்த முதல் படம் வேறு! விளக்கத்தைப் படித்த பிறகு நான் வியந்தது 'கேன்'. விளக்கம் கையில் வருவதற்குள்ளேயே என்னை ஒரு வழி பண்ணிவிட்டது இது. என் ஓட்டு இதற்குத்தான்.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' எனக்குச் சரிப்படவில்லை. அந்த 'சைட் அண்ட் சவுண்ட்' வாக்கெடுப்பில் 2012-ல் 'கேனை'த் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்த படம். ஒரு பெண்ணைப் பிடித்து உடை மாற்று, முடியின் நிறத்தை மாற்று, கொண்டையை இப்படிப் போடு என்று ஒருத்தன் படுத்துகிற பாட்டைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. 'அந்த எரிச்சல்தானே சார் படம்' என்று ஒரு நண்பர் பாடம் எடுத்தார். இருக்கலாம். அதே ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் தூங்கிவிட்டேன். முதல் இருபத்தைந்து நிமிஷம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. குரங்கு மனிதர்கள் உலாத்தும்போது கண் சொக்கியது, விழித்தபோது விண்கலம் மிதந்துகொண்டிருந்தது. எலும்பை மேலே எறிய அது விண்கலமாக மாறுகிற, சினிமா சரித்திரத்திலேயே பேர்போன அந்த வெட்டு சரியாக நடுவில் போய்விட்டது. ஆனால் விண்கலத்தை நடத்துகிற 'ஹால்' என்ற கம்ப்யூட்டரைக் கழற்றுகிற காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது என்று அது சொல்கிறது, பாட ஆரம்பிக்கிறது, குரல் இழுத்து இழுத்து அடங்குகிறது. அத்தனை மனிதர்கள் வருகிற படத்தில் எனக்குப் பாவமாக இருந்தது அந்த மெஷின் ஒன்றுதான்.

'பதேர் பாஞ்சாலி'யை எனக்குத் தப்பாக அறிமுகம் செய்துவைத்தவர்கள்மேல் இன்னும் கோபம் உண்டு. வறுமை, சோகம், கனமான படம் என்றே எல்லாரும் சொன்னார்கள். அதனாலேயே பல வருஷம் தள்ளிப்போட்டேன். இவ்வளவு சிரிக்கலாம் என்று ஒருத்தராவது சொன்னார்களா? மிட்டாய்க்காரர் முன்னால் போகிறார், பின்னால் அக்கா துர்கா, அவள் பின்னால் தம்பி அப்பு, கடைசியில் ஒரு நாய். இந்த ஊர்வலம் குளத்துத் தண்ணீரில் தலைகீழாகப் போகிறது. அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது.

அந்தச் சிரிப்பு இருந்ததால்தான் பின்னால் வருவது அப்படி அடிக்கிறது. எடுக்கவே இல்லை என்று அக்கா சாதித்த மணிமாலை, அவள் செத்துப்போன பிறகு தம்பி கையில் கிடைக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. குளத்தில் வீசுகிறான். பாசி விலகி வழி விடுகிறது, பிறகு மெல்ல மூடிக்கொள்கிறது. பின்னணியில் யாரும் விளக்கம் சொல்லவில்லை, எனக்கும் தேவைப்படவில்லை. மிச்ச நேரத்தைப் பார்த்தது இரண்டு தடவை. இரண்டும் 'ஐயோ, முடியப்போகிறதோ' என்று பார்த்தது. என் அளவுகோலில் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

'டோக்கியோ ஸ்டோரி' என்கிற ஜப்பானியப் படத்தை நாற்பதாவது நிமிஷத்தில் நிறுத்தி மூடினேன். ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி போட்டேன். வெளியூரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாவை, ஆளுக்கு ஒரு வேலை இருப்பதால், ஒரு வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே ராத்திரி முழுக்கக் கூத்தும் கும்மாளமும். இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. காலையில் கடலோரச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுந்திருக்கும்போது அம்மாவுக்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் என்னை ஆட்டிவிட்டது. மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். அந்த மரியாதையான குரல் எனக்கு நன்றாகத் தெரியும். போனில் நான் பேசுகிற குரல் அது.

2022 வாக்கெடுப்பில் ஷாந்தல் அக்கர்மானின் 'ஜான் டீல்மன்' முதலிடத்துக்கு வந்திருக்கிறது. 1975-ல் எடுத்தது, 201 நிமிஷம். ஒரு பெண் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டே இருக்கிறாள், கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. மூன்று தவணையில் 51 நிமிஷம் வந்திருக்கிறேன். ரிமோட் கணக்கை இந்தப் படத்துக்கு மட்டும் தள்ளுபடி செய்துவிட்டேன். ஆனால் நேற்று ராத்திரி படத்தை நிறுத்திவிட்டு நான் பாட்டுக்கு எழுந்துபோய், இரண்டு நாளாகக் கிடந்த பாத்திரங்களை எல்லாம் கழுவி அடுக்கினேன். இது விமர்சனத்தில் சேருமா, தெரியவில்லை. 150 நிமிஷம் மிச்சம்.