நெட் இருக்கும்மா, பேர்தான் தெரியலை

மருமகள்: மாமா, லைட் எரியலை.

மாமா: எந்த லைட்டும்மா? பச்சையா, மஞ்சளா? பச்சை விட்டுவிட்டு எரிஞ்சா பயப்படாதே, நெட்வொர்க்ல ஏதோ போய்ட்டு வந்துட்டு இருக்குன்னு அர்த்தம். மஞ்சள்னா கேபிளைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கணும்.

மருமகள்: ஹால் லைட் மாமா.

மாமா: ஓ, அந்த லைட்டா.

மருமகள்: வெள்ளையா எரியும். கீழே உட்கார்ந்தா எழுத்து தெரியும். அந்த லைட்.

மாமா: வந்துடும்மா. ரெண்டே நிமிஷம்.

(வீட்டு லைட், நெட், போட்டோ எல்லாவற்றையும் மாமா வீட்டிலேயே வைத்திருக்கும் சர்வர் என்ற ஒரு கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கிறார். இந்த ரெண்டு நிமிஷம் காலையில் தொடங்கியது. இப்போது இருட்டிவிட்டது.)

மருமகள்: சுவிட்சைப் போடலாம்னு போனேன். அது மேல அட்டையை வெச்சு டேப் ஒட்டி, ‘தொடாதே’ன்னு எழுதியிருக்கீங்க.

மாமா: ஆமாம்மா. சுவிட்சை அணைச்சா பல்புக்குக் கரண்ட் போயிடும். கரண்ட் போனா அது நெட்வொர்க்ல இருந்து விழுந்துடும். ஸ்மார்ட் பல்பு இல்லையா!

மருமகள்: சுவிட்சைத் தொட்டாலே விழுந்துடுற பல்புக்கு ஸ்மார்ட்னு யார் மாமா பேர் வெச்சாங்க? நான் குறை சொல்லலை. தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

மாமா: முன்னேயெல்லாம் நீ எழுந்து போய் அணைக்கணும். இப்போ சென்சார் பார்த்துக்குது. ஆள் இல்லைன்னா தானா அணைஞ்சுடும்.

மருமகள்: ஆள் இருந்தாலும் அணையுது மாமா. அசையாம உட்கார்ந்து படிச்சா, இங்கே யாருமே இல்லைன்னு அதுவே முடிவு பண்ணிடுது. போன வாரம் பக்கத்துக்கு ஒரு தடவை கையை வீசி வீசிப் படிச்சேன். ஜன்னல் வழியா பார்த்த அத்தை, நான் யாரையோ கூப்பிடுறேன்னு வெளியில வந்து தேடினாங்க.

மாமா: அது பிஐஆர் சென்சார். உடம்புச் சூடு நகர்ந்தாத்தான் அதுக்குத் தெரியும். மில்லிமீட்டர் அலை சென்சார்னு ஒண்ணு இருக்கு, மூச்சு விட்டாலே கண்டுபிடிச்சுடும். அதை மாட்டிடலாம்.

மருமகள்: வேண்டாம் மாமா. நான் விடுற மூச்சையெல்லாம் அது கணக்கெடுக்க வேண்டாம்.

மாமா: லைட்டை விடு. காலையில இருந்து நெட்டும் இல்லையே, நீ கவனிக்கலையா? உனக்கு ஆபீஸ் மீட்டிங் இருந்துச்சே.

மருமகள்: இருந்துச்சு மாமா.

மாமா: எப்படிச் சமாளிச்சே?

மருமகள்: அது... நீங்க சொல்லுங்க மாமா, நெட்டுக்கு என்ன ஆச்சு?

மாமா: நெட் இருக்கும்மா! பேர்தான் தெரிய மாட்டேங்குது.

மருமகள்: யார் பேர்?

மாமா: எல்லார் பேரும். இன்டர்நெட்ல எல்லாத்துக்கும் எண்தான். நாம பேரைச் சொன்னா எண்ணைத் தேடித் தர்றது டிஎன்எஸ். அந்த வேலையை நம்ம வீட்டு சர்வரே பார்க்குது. இப்பவும் எண் தெரிஞ்சா தாராளமா போலாம். 1.1.1.1-ங்கிற எண்ணுக்கு ‘இருக்கியா’ன்னு பிங் அடிச்சேன், 12 மில்லி செகண்ட்ல பதில் வந்துச்சு!

மருமகள்: அங்கே போய் நான் என்ன மாமா பண்றது? என் மேனேஜர் அங்கே இல்லையே.

மாமா: ஒரு விளக்கத்துக்குச் சொன்னேன்.

மருமகள்: நேத்து வரைக்கும் ஞாபகம் இருந்த பேரெல்லாம் ஒரே ராத்திரியில எப்படி மறந்துச்சு?

மாமா: ராத்திரி அப்டேட் பண்ணேன்.

மருமகள்: ஏன், ஏதாவது கோளாறா?

மாமா: சேச்சே, நல்லா ஓடிட்டு இருந்துச்சு. அதான் பண்ணேன்.

(மாமா முகத்தில் துளி குற்ற உணர்வு இல்லை. வீட்டில் சர்வர் வைத்திருக்கும் எவர் முகத்திலும் அது இருந்து நான் பார்த்ததில்லை.)

மாமா: அப்டேட் முடிஞ்சு பார்த்தா, புதுசா ஒருத்தன் வந்து சர்வரோட 53-ஆம் போர்ட்ங்கிற வாசல்ல உட்கார்ந்திருக்கான். டிஎன்எஸ் கேள்வியெல்லாம் அங்கேதான் வரும். விளம்பரத்தைத் தடுத்து, பேருக்கு எண் சொல்ற நம்ம பை-ஹோல் அங்கே உட்காரணும். இவன் எழுந்திருக்கவே மாட்டேங்கிறான்.

மருமகள்: யார் மாமா அது?

மாமா: சிஸ்டம்டி ரிசால்வ்டு.

மருமகள்: உங்க பக்கத்துச் சொந்தமா, அத்தை பக்கமா?

மாமா: அது லினக்ஸ்ல, அதாவது நம்ம சர்வரை ஓட்டுற மென்பொருள்ல, ஒரு சேவைம்மா.

மருமகள்: இல்லை, கூப்பிடாம வந்து, அடுத்தவங்க இடத்துல உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேங்குதுன்னீங்களே. அதான் கேட்டேன்.

மாமா: அவன் எழுந்தாத்தான் கன்டெய்னர் எல்லாம், அதாவது சர்வர்ல தனித்தனியா ஓடுற மென்பொருள் எல்லாம், ஏறும். கன்டெய்னர் ஏறினாத்தான் உன் லைட்.

மருமகள்: துணைக்கு இன்னொரு டிஎன்எஸ் வெச்சுக்கக் கூடாதா? ஒண்ணு படுத்தா இன்னொண்ணு பார்த்துக்கும்.

மாமா: அதான் கூடாது. ரெண்டு கொடுத்தா போனுங்க இஷ்டத்துக்கு எதையாவது ஒண்ணைக் கேக்கும். சந்துல விளம்பரம் உள்ளே நுழைஞ்சுடும். பை-ஹோல் போட்டதே விளம்பரத்தை நிறுத்தத்தானே? காலையில இருந்து ஒரு விளம்பரம் நுழைஞ்சிருக்கா, சொல்லு.

மருமகள்: ஒண்ணுமே நுழையாத வீட்டுல விளம்பரம் மட்டும் எப்படி மாமா நுழையும்?

மாமா: ரெண்டே நிமிஷம்மா. ஒரு ஃபைல்ல ஒரே ஒரு வரி மாத்தணும். எந்த ஃபைல், எந்த வரி, எல்லாம் அழகா எழுதி வெச்சிருக்கேன். இதே தொல்லை போன தடவையும் வந்துச்சு. நான் எதையும் எழுதாம விடமாட்டேன்.

மருமகள்: நல்லதாப் போச்சு. எங்கே எழுதி வெச்சிருக்கீங்க?

மாமா: என் குறிப்பெல்லாம் இருக்கிற விக்கியில.

மருமகள்: விக்கி எங்கே இருக்கு?

மாமா: (மெதுவாக) சர்வர்லதான்.

மருமகள்: சரி.

மாமா: அது கிடைச்சாலும் ஃபைலைத் திருத்த சூடோ பாஸ்வேர்ட் வேணும். 32 எழுத்து.

மருமகள்: மனப்பாடமா?

மாமா: 32 எழுத்தை யாரும்மா மனப்பாடம் பண்ணுவா? பாஸ்வேர்ட் பெட்டகத்துல இருக்கு.

மருமகள்: கேக்கட்டுமா மாமா?

மாமா: கேக்காதே.

மருமகள்: கேக்கலை.

மாமா: போன்ல ஒரு பிரதி எப்பவும் இருக்கும். பாதுகாப்புக்காக ராத்திரியானா தானா லாகவுட் ஆகுற மாதிரி நான்தான் வெச்சுட்டேன்.

மருமகள்: சாவியைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டி, பெட்டிச் சாவி எங்கேன்னு ஒரு சீட்டு எழுதி, அந்தச் சீட்டையும் பெட்டிக்குள்ளயே போட்டிருக்கீங்க. குறை சொல்லலை மாமா. திருடன் வந்தா அழுதுடுவான்.

மாமா: (மலர்ந்து) அதான் பாதுகாப்பு!

(பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். இனி நிறுத்த முடியாது.)

மாமா: நீ இதைச் சாதாரணமா நினைக்கிறே. 1991 ஆகஸ்ட்ல, ஹெல்சிங்கியில, லினஸ் டோர்வால்ட்ஸ்னு 21 வயசுப் பையன், சும்மா பொழுதுபோக்குக்குப் பண்றேன், பெருசா ஒண்ணும் வராதுன்னுதான் அறிவிச்சான். இன்னிக்கு உலகத்தோட முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டரும் அவன் லினக்ஸ்லதான் ஓடுது.

மருமகள்: பெரிய ஆள்தான் மாமா. ஆனா அவர் அன்னிக்கு ஹால் லைட்டை அதுல மாட்டலையே.

மாமா: ரிச்சர்ட் ஸ்டால்மன் கதை தெரியுமா? அமெரிக்காவுல எம்ஐடி ஆய்வகத்துல ஒரு பிரிண்டர்ல காகிதம் சிக்கிட்டே இருந்துச்சு. நானே சரி பண்ணிக்கிறேன், அதோட மென்பொருளை எழுதின மூலநிரலைக் கொடுங்கன்னார். கொடுக்கலை. அந்தக் கோபமெல்லாம் சேர்ந்துதான் 1983-ல குனு திட்டம் பிறந்துச்சு. கட்டற்ற மென்பொருள்! யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

மருமகள்: நம்ம வீட்டுப் பிரிண்டருக்கு மூலநிரல் இருக்கா?

மாமா: ஒரு வரி விடாம இருக்கு.

மருமகள்: பிரிண்ட் வருமா?

மாமா: அது வேற விஷயம்.

மருமகள்: சரி, போட்டோ எல்லாமாவது பத்திரமா இருக்கா? கல்யாண போட்டோவெல்லாம் அதுல ஏத்தினீங்களே.

மாமா: அதைப் பத்திக் கவலையே வேண்டாம். ரெய்டு போட்டிருக்கேன்.

மருமகள்: ரெய்டு வந்தா வீட்டுல இருக்கிறதையும்ல அள்ளிட்டுப் போவாங்க?

மாமா: இது ரெண்டு டிஸ்க். ஒண்ணுல எழுதினா இன்னொண்ணுலயும் அப்படியே எழுதும். ஒண்ணு செத்தாலும் மத்தது நிக்கும்.

மருமகள்: ஒண்ணுல தெரியாம அழிச்சுட்டா?

மாமா: அடுத்த நொடியே அடுத்ததுலயும் அழிஞ்சுடும். அவ்வளவு வேகம்!

(பெருமை தாங்கவில்லை.)

மருமகள்: ...

மாமா: அதனாலதான் ரெய்டு பேக்கப் ஆகாதுன்னு சொல்வாங்க. அதுக்கு 3-2-1ன்னு ஒரு விதி இருக்கு. மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியே.

மருமகள்: நம்மளோட வெளிப் பிரதி எங்கே இருக்கு மாமா?

மாமா: அதே அலமாரிதான். ஆனா கீழ்த்தட்டு.

மருமகள்: அந்தப் போட்டோவைப் பார்க்கப் போனாலும் சிவப்பா ஒரு பக்கம் வருதே, இது பாதுகாப்பு இல்லைன்னு?

மாமா: அது, சைட் பாதுகாப்பானதுன்னு காட்டுற சர்டிஃபிகேட் காலாவதி ஆயிருக்கும். அதை இலவசமாத் தர்ற லெட்ஸ் என்கிரிப்ட்ல கொஞ்ச நாளுக்குத்தான் தருவாங்க. தானா புதுப்பிச்சுக்கிற மாதிரி வெச்சிருக்கேன். எப்பவாவது தானா மறந்துடும். நீ அட்வான்ஸ்டுன்னு இருக்கும்ல, அதை அழுத்திட்டு உள்ளே போ.

மருமகள்: ஆக, எச்சரிக்கை சிவப்பா வந்தா, கீழே சின்ன எழுத்தைத் தேடி அழுத்தணும். வீட்டுல எல்லாருக்கும் அதை நல்லாப் பழக்கிட்டீங்க மாமா. அத்தை போன மாசம் ஏதோ மோசடி மெசேஜ்லயும் சின்ன எழுத்தைத்தான் தேடிட்டு இருந்தாங்க.

மாமா: ஒரு நாள் படுத்ததை வெச்சு எடை போடாதே. இதோ பார், நேத்து திறந்து வெச்ச டாஷ்போர்டு. இந்த வருஷம் சர்வர் ஓடின நேரம் 99.9 சதவீதம்!

மருமகள்: (விரல் விட்டு) 99.9ன்னா வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம்தான் படுக்கலாம். அதை நீங்க ஜனவரியில ஒரே ஞாயித்துக்கிழமையில முடிச்சுட்டீங்களே மாமா.

மாமா: அது கணக்குல வராது.

மருமகள்: ஏன்?

மாமா: கணக்கு எழுதுறதும் அதே சர்வர்தான். அது படுத்திருக்கும்போது எப்படிம்மா எழுதும்?

மருமகள்: தூங்கினவரையே கேட்டா, கண்ணை மூடவே இல்லைன்னுதானே சொல்வார். குறை சொல்லலை மாமா.

மாமா: சதவீதத்தை விடு, இந்தக் கோட்டைப் பார். வீட்டுல இருந்து வர்ற டிஎன்எஸ் கேள்வி, நாலு மாசமா எப்படி இறங்கியிருக்கு! சர்வருக்குச் சுமையே இல்லை. எல்லாம் நான் பண்ண டியூனிங்.

(மருமகள் கோட்டைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.)

மருமகள்: மாமா, ஒண்ணு கேக்கலாமா?

மாமா: கேளும்மா. ரெண்டே நிமிஷம்.

மருமகள்: பெரிய கம்பெனிக்காரன் நம்மளைக் கேக்காம எல்லாத்தையும் மாத்துறான், நம்ம பொருளுக்குச் சாவி அவன்கிட்ட இருக்கு, காரணம் கேட்டா பதில் இல்லைன்னுதானே இதெல்லாம் ஆரம்பிச்சீங்க?

மாமா: அதேதான்! நல்லாப் புரிஞ்சுக்கிட்டே.

மருமகள்: நேத்து ராத்திரி யாரையும் கேக்காம அப்டேட் பண்ணது யார்? அந்த 32 எழுத்து உங்களைத் தவிர இந்த வீட்டுல யாருக்குத் தெரியும்? நீங்க பத்து நாள் ஊருக்குப் போனா நாங்க லைட்டுக்கு யாரைக் கேக்கணும்? கட்டு அவிழ்ந்தது உங்களுக்குத்தான் மாமா. எங்களுக்குக் கட்டினவர் மாறியிருக்கார், அவ்வளவுதான். அந்தக் கம்பெனிக்காரனையாவது வாய்விட்டுத் திட்டலாம். அவனை மாமான்னு கூப்பிட வேண்டியதில்லை.

(‘குறை சொல்லலை’ இந்தத் தடவை வரவில்லை. மாமா கொஞ்ச நேரம் கீபோர்டில் இருந்த தூசியைத் தட்டினார்.)

மாமா: ...அந்த ஃபைல் பேரைத் தேடணும்மா. பாஸ்வேர்டையும் வேற வழியில மாத்தணும், அதையும் தேடணும். உன் போன்ல டேட்டா இருக்கா?

மருமகள்: இருக்கு மாமா.

மாமா: ஹாட்ஸ்பாட் எப்படிப் போடுறதுன்னு நான் சொல்லித் தர்றேன். மொதல்ல செட்டிங்ஸைத் திற...

மருமகள்: போட்டுத்தான் மாமா இருக்கு.

மாமா: அதுக்குள்ளயா? (லேப்டாப்பைப் பார்த்து) இங்கே மூணு வைஃபை தெரியுதே. இது உன் பேர். இது பையன் பேர். இந்த மூணாவது யார்?

மருமகள்: நம்ம வீடுதான் மாமா.

மாமா: உங்க அத்தையுமா?

மருமகள்: அத்தைதான் மொதல்ல.

மாமா: எத்தனை நாளா நடக்குது இது?

மருமகள்: சுவிட்ச்ல நீங்க டேப் ஒட்டினப்ப இருந்து. நாலு மாசம் இருக்கும்.

மாமா: (கோட்டைப் பார்க்கிறார். மருமகளைப் பார்க்கிறார். மறுபடி கோட்டைப் பார்க்கிறார்.) அப்போ இந்தச் சுமை குறைஞ்சது...

மருமகள்: உங்க டியூனிங்தான் மாமா.

மாமா: போட்டோ மட்டும் என் சர்வர்லதானே ஏத்துறீங்க?

மருமகள்: ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்ட் வேணுமா மாமா?

மாமா: ...சொல்லு.

மருமகள்: நீங்க வெச்ச ‘தொடாதே’ அட்டைக்குப் பின்னாடி ஒரு சீட்டு செருகியிருக்கு. பேனாவால எழுதினது. நீங்க மட்டும் அதைத் தொட மாட்டீங்கன்னு தெரியும்.

(மாமா எழுந்து போகிறார். ஹாலில் ஏதோ இடறும் சத்தம்.)

மாமா: (ஹாலிலிருந்து) அம்மாடி, இங்கே ஒரே இருட்டா இருக்கே. ஒரு எழுத்தும் தெரியலை.

மருமகள்: கையை வீசிப் பாருங்க மாமா.