‘தமிழ்’ என்று எழுத 45 இடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சி ஒன்றைச் செய்து கொடுத்தோம். ஆங்கிலப் பதிப்பு முனகாமல் ஓடியது. அதையே தமிழில் ஏற்றினோம், மறுவாரமே புகார்கள். ஏழாம் பாடம் வரை முடித்துவிட்டு மூடுகிறார்கள், மறுநாள் திறந்தால் மூன்றாம் பாடத்தில் நிற்கிறது. இடையில் எழுதிய விடைகளையும் காணோம். "உங்கள் பக்கம் நெட் சரியில்லை" என்று இரண்டு நாள் சமாளித்தோம். வெட்கக்கேடுதான்.

பாடங்களை ஸ்கார்ம் 1.2 முறையில் கட்டியிருந்தோம். இணையவழிப் பாடங்களை வெவ்வேறு கற்றல் தளங்களில் ஓடவைக்க 2001இல் வந்த தரம் அது. இன்றும் பலர் அதைத்தான் கேட்கிறார்கள். படிப்பவரின் விடைகளையும் விட்ட இடத்தையும் பாடம் தன் விருப்பப்படி குறித்துவைக்க அதில் ஒரு பெட்டி உண்டு. கொள்ளளவு 4096 எழுத்துகள். எங்கள் நிரல் எல்லாவற்றையும் இணைய முகவரிகளில் வரும் சதவீதக்குறி வடிவத்துக்கு மாற்றி அதற்குள் போட்டது. அப்படி மாற்றினால் ஆங்கில எழுத்து ஒரே இடத்தில் அடங்கிவிடும். தமிழிலோ ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் ஒன்பது இடம். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, ஆக 45. இரண்டு பத்தி எழுதினால் பெட்டி நிரம்பிவிடும். அதற்குமேல் சேமிக்கச் சொன்னபோதெல்லாம் ‘முடியாது’ என்றே பதில் வந்திருக்கிறது. அந்தப் பதிலைப் பார்க்க நாங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்கவில்லை. பழைய குறிப்பு அப்படியே கிடந்தது. அதுதான் அந்த மூன்றாம் பாடம்.

கட்டமைப்புக் கூட்டங்களில் சர்வர் எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். படிப்பவர் செய்த ஒரு செயல் எப்போது, எந்த வடிவில், எங்கே பதிவாகிறது என்ற கேள்வி டீ வந்த பிறகுதான் எழும். என்னைக் கேட்டால் முதல் படமே அதற்குத்தான் வரைய வேண்டும்.

படிப்பவரின் செயல்களைப் பதிவதற்கென 2013இல் வந்த எக்ஸ்-ஏபிஐ என்ற தரம் இந்த வகையில் எனக்குப் பிடித்தது. யார், என்ன செய்தார், எதைச் செய்தார்: பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருளேதான். ஒவ்வொரு செயலும் தனி வாக்கியம். ஒரே பெட்டியில் திணிக்க வேண்டியதில்லை. வாக்கியத்துக்குத் தனி அடையாளம் இருப்பதால், இணைப்பு அறுந்தால் கைப்பேசியிலேயே வரிசையில் வைத்திருந்து பிறகு அனுப்பலாம். தவறி இரண்டு முறை போனாலும் இரண்டாகச் சேராது. ஆனால் அந்த வரிசையை நாம்தான் கட்ட வேண்டும். டெண்டரில் தரத்தின் பெயரை எழுதியதும் தானாக முளைத்துவிடாது.

எங்களுக்கு அவ்வளவு பெரிய மாற்றத்துக்கு அவகாசம் கிடைக்கவில்லை. எழுத்து விடைகளைத் தனி அட்டவணைக்கு மாற்றினோம். பெட்டியில் பாட எண்ணும் தேர்ந்தெடுத்த விடையின் எண்ணும் மட்டும். சேமிக்க முடியாவிட்டால் திரையிலேயே சொல்லும்படியும் செய்தோம். அழிந்தவை அழிந்தவைதான். புகார் சொன்ன ஆசிரியை ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், இப்போதெல்லாம் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறேன்" என்றார்.