ஒரே மாதத்தில் தொடங்கிய இரண்டு கார்பன் சட்டங்கள்

பெரிய நிறுவனங்கள் தாமாகவே முன்வந்து கார்பன் உமிழ்வைக் குறைத்துக்கொள்ளும் என்று இன்னும் நம்புகிறவர்கள் டோக்கியோவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மாநகர அரசும் அந்த நம்பிக்கையோடுதான் ஆரம்பித்தது. பெரிய கட்டடங்களும் ஆலைகளும் தங்கள் உமிழ்வைக் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும் என்று 2002-ல் விதி கொண்டுவந்தது. எவ்வளவு குறைப்பது என்பதை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டது. அறிக்கைகள் வந்து சேர்ந்தன, குறைப்பு போதவில்லை. கடைசியில் 2008-ல் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றி, ஏப்ரல் 2010-ல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதே ஏப்ரல் 2010-ல் பிரிட்டனும் சிஆர்சி (Carbon Reduction Commitment, கார்பன் குறைப்பு உறுதி) என்ற கட்டாயத் திட்டத்தைத் தொடங்கியது. 2008-ல் சுமார் 60 லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்த சூப்பர் மார்க்கெட்டுகள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், அரசுத் துறைகள் எல்லாம் அதில் வந்தன. டோக்கியோ சட்டம் இன்றும் நடக்கிறது. பிரிட்டன் திட்டத்தை 2019-ல் மூடிவிட்டார்கள். இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பது நமக்கு இப்போது முக்கியம், ஏனென்றால் இந்தியாவும் அதே பாதையில் கால் வைத்திருக்கிறது.

சிஆர்சியின் மூல யோசனை நன்றாகத்தான் இருந்தது. உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். சேர்ந்த பணத்தை அரசு அவர்களிடமே திருப்பித் தரும். நன்றாகக் குறைத்தவர்களுக்குக் கூடுதலாக, குறைக்காதவர்களுக்குக் குறைவாக. யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று தரவரிசைப் பட்டியலும் வெளியாகும். ஆனால் திட்டம் தொடங்கி ஆறே மாதத்தில், அக்டோபர் 2010-ல், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அந்தப் பணத்தை அரசே வைத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். ஆண்டுக்கு சுமார் 100 கோடி பவுண்டு. பணம் திரும்பி வரும் என்று நம்பித் திட்டம் போட்டவர்களுக்கு அது ஒரே நாளில் இன்னொரு வரியாக மாறிப்போனது. இதை நான் நம்பிக்கைத் துரோகம் என்றே சொல்வேன். தரவரிசையும் நிலைக்கவில்லை. 2011-ல் வந்த முதல் பட்டியல் உமிழ்வு எவ்வளவு குறைந்தது என்பதை அளக்கவே இல்லை. நவீன மீட்டர் வைத்திருக்கிறார்களா, சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்றுதான் பார்த்தது. அப்புறம் பட்டியலையும் கைவிட்டார்கள்.

டோக்கியோ செய்தது வேறு. அங்கே பொறுப்பைக் கட்டடத்தின் மேல் வைத்தார்கள். சுமார் 1,300 பெரிய கட்டடங்களும் ஆலைகளும். முதல் ஐந்தாண்டில் அலுவலகக் கட்டடங்களுக்குப் பொதுவாக 8 சதவீதக் குறைப்பு, அடுத்த ஐந்தாண்டில் 17 என்று இலக்கு ஏறும் என்பது முன்கூட்டியே தெரியும். 2002 முதல் 2007 வரைக்குள் அடுத்தடுத்த எந்த மூன்று ஆண்டுகளின் சராசரி உமிழ்வையும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதனால் முன்பே குறைத்திருந்தவர்கள் தண்டிக்கப்படவில்லை. இலக்கைத் தொடாவிட்டால் பற்றாக்குறையைப் போல 1.3 மடங்கு குறைக்க ஆணை, அதையும் மீறினால் அபராதம், பெயரும் ஊருக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாடகைதாரர் பற்றிய விதி. சென்னையில் ஒரு ஐடி பூங்காவில் வேலை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளே இல்லாத தளங்களில் ஏசி ஓடும். கட்டட நிர்வாகத்தைக் கேட்டால் கம்பெனி சொல்லட்டும் என்பார்கள், கம்பெனியைக் கேட்டால் அது கட்டடக்காரர் வேலை என்பார்கள். டோக்கியோவில் இந்தச் சாக்கு செல்லாது. கடமை உரிமையாளருடையது, ஒத்துழைப்பது வாடகைதாரரின் சட்டக் கடமை, பெரிய இடம் எடுத்திருப்பவர் தனியாகத் திட்டமும் தர வேண்டும். 2014 முடிவில் மொத்தக் குறைப்பு 25 சதவீதத்தைத் தொட்டது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு வந்த மின் தட்டுப்பாடும் இதற்கு ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் உமிழ்வு பழைய அளவுக்கு ஏறவில்லை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2012 முதல் 2015 வரை 478 ஆலைகளுக்கு ஆற்றல் சேமிப்பு இலக்கு வைத்தார்கள். இலக்கு எவ்வளவு தளர்வாக இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். இலக்கை மிஞ்சிச் சேமித்தவர்களுக்கு, விற்றுக்கொள்ளலாம் என்று தந்த சான்றிதழ்கள் சுமார் 38 லட்சம், இலக்கைத் தொடாதவர்கள் ஈடுகட்ட வாங்க வேண்டியிருந்தவை சுமார் 14 லட்சம். அந்தச் சான்றிதழ்களின் வர்த்தகமே 2017-ல்தான் தொடங்கியது. விலை எப்படி நிற்கும்?

இப்போது கார்பன் வர்த்தகத் திட்டம் வந்திருக்கிறது. சிமெண்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிக்கும்) ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் அறிவிக்கப்பட்டன. தவறினால், இலக்கை மிஞ்சிக் குறைத்தவர்களுக்குக் கிடைக்கும் கார்பன் சான்றிதழின் சராசரி விலையைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இலக்கு ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்வு என்ற கணக்கில்தான் இருக்கிறது. உற்பத்தி பெருகினால் மொத்த உமிழ்வும் பெருகலாம், சட்டம் தடுக்காது. அனல்மின் நிலையங்கள் அந்த முதல் பட்டியலில் இல்லை. ஐடி பூங்காக்கள், மால்கள், பெரிய மருத்துவமனைகள் பக்கம் பேச்சே இல்லை.

அனல்மின் நிலையங்களைச் சேர்க்க வேண்டும். பெரிய கட்டடங்களுக்கு டோக்கியோ மாதிரி உரிமையாளர் பொறுப்பில் தனி இலக்கு வேண்டும். அடுத்த பத்தாண்டுக்கான இலக்குகளை இன்றே எழுதி வைத்து, ஆட்சி மாறினாலும் நிதியமைச்சர் மாறினாலும் நடுவில் கை வைக்க முடியாதபடி செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆலையின் உமிழ்வுக் கணக்கும் ஆண்டுதோறும், அந்த ஆலையைச் சுற்றி வாழும் மக்கள் படிக்கிற மொழியிலேயே வெளியாக வேண்டும்.