பல்லு மாத்திரை

"அண்ணா, பல்லு மாத்திரை ரெண்டு."

நீலகிரி மாவட்டத்தில், பந்தலூர்ப் பக்கத்தில் 19 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் இங்கே குறைவு. தலைவலி மாத்திரை, சளி மாத்திரை, பல்லு மாத்திரை, அவ்வளவுதான். பல்லு மாத்திரை என்று தனியாக ஒரு மருந்து கிடையாது. வலியை அமுக்க ஒரு மாத்திரை, கன்னம் வீங்கியிருந்தால் கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக். இரண்டாவதை மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுத்திருக்கிறேன். இந்தப் பதிவில் சிலரைத் திட்டப் போகிறேன், அதனால் என் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு படம் வந்தது. எங்கள் பக்கத்துப் பழங்குடிகளான பணியர்களின் காலனி ஒன்றில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள், கையில் ஆளுக்கொரு புது பிரஷ், பின்னால் பேனர். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "இவங்களுக்குப் பல் விளக்குற பழக்கமே கிடையாது. வெத்தலை, புகையிலை, அதான் சாப்பாடு. விழிப்புணர்வு வரணும்." அதற்கு வரிசையாகக் கைதட்டல். அங்கே பதில் எழுதினால் சண்டையாகும், குழுவில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெற்றிலைப் பேச்சை முடித்துவிடலாம். ஆமாம், போடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் முறுக்கான் என்றும் சொல்வோம். கெடுதல்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் சொல்லிவிட்டது. பாக்கை மென்று மென்று வாய் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு ஆனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஏன் போடுகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? ஜூலை மழையில், தோட்டத்தில் காலை முதல் மாலை வரை நின்று பாருங்கள். குளிர், பசி, காலில் அட்டை. அட்டை ஏறினால் சுண்ணாம்பும் புகையிலையும் தடவித்தான் தட்டிவிடுவார்கள். அதே பொட்டலம் வாய்க்கும் போகிறது. புகையிலை பசியை அடக்கும். மதியச் சாப்பாடு இல்லாத நாளில் அது பெரிய விஷயம். என் அம்மா இலங்கையிலிருந்து திரும்பி வந்து டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்ந்தவர். அவரும் போட்டார், 45 வயதுக்குள் கடைவாய்ப் பல் எல்லாம் போய்விட்டது. அம்மா பணியர் இல்லை, இங்குள்ள இன்னொரு பழங்குடியான காட்டுநாயக்கரும் இல்லை. இருந்தும் அதே வேலை, அதே மழை, அதே பல்.

அடுத்தது சாப்பாடு. இங்கே ஊர்ப் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாட்டவயல் மாதிரி, வயல் என்று முடியும் பெயர் நிறைய வரும். பெரியவர்கள் சொல்லும் கதையில் அந்த வயலில் நெல் மட்டும் இல்லை. வாய்க்காலில் நண்டு, சின்ன மீன், வரப்பில் கீரை, காட்டில் கிழங்கு, தேன். அந்தக் காலத்தில் எல்லோருக்கும் முத்துப் பல் இருந்தது என்று கதை விட மாட்டேன். அன்றைக்கும் பணியர்களுக்குப் பாதி வயிறுதான். பிறர் வயலில் கொத்தடிமைகளாகக் கிடந்தார்கள், அதைத் தடை செய்யும் சட்டமே 1976இல்தான் வந்தது. ஆனாலும் வாய்க்குள் போனது வேறு. இப்போது வயல் தேயிலையாகவும் வாழையாகவும் இஞ்சியாகவும் மாறிவிட்டது. காட்டில் கிழங்கு தோண்டப் போனால் வனத்துறை கேட்கும். வன உரிமைச் சட்டம் வந்தது 2006இல். சட்டம் வந்ததற்கும் கிழங்கு வீட்டுக்கு வருவதற்கும் நடுவில் நிறைய மேடு பள்ளம்.

மிச்சம் இருப்பது ரேஷன் அரிசி, கட்டன் என்கிற பால் இல்லாத டீ, பன், 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட். 2023இல் நீலகிரிக்கும் தருமபுரிக்கும் ரேஷனில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் நண்டை ரேஷனில் போட முடியாதே.

கட்டனைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் குற்றவாளி கூண்டுக்கு வெளியே நிற்கிறது. பால் வாங்கக் காசு இல்லை, அதனால் தேயிலைத் தண்ணீரில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் குடிப்பது. காலையில் சோற்றுக்குப் பதில் அது, பத்து மணிக்கு அது, மதியம் அது, வேலை விட்டு வந்ததும் அது. வாயில் இருக்கும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அமிலம் பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போல ஆகும். சரிசெய்து முடிப்பதற்குள் அடுத்த கட்டன் வந்துவிட்டால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. சர்க்கரை எவ்வளவு போகிறது என்பதோடு எத்தனை தடவை போகிறது என்பதும் கணக்கு. மலையை அழித்துத் தேயிலை நட்டோம். நல்ல தேயிலை வெளியூருக்குப் போகிறது, தூளும் சர்க்கரையும் நட்டவர்கள் வாய்க்கு வருகிறது.

பிரஷ் விஷயத்துக்கும் வருகிறேன். பிரஷ் பிடிக்கத் தண்ணீர் வேண்டும். பரம்பரை ஜமீன் நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள, கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. அதில் 17ஆம் பிரிவில் மாட்டி, யாருக்குச் சொந்தம் என்று முடிவாகாமல் கிடக்கும் நிலங்களின் கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பட்டா இல்லை, பட்டா இல்லாததால் கரண்டுக்கும் இழுபறி, குழாய்க்கும் இழுபறி. முப்பது வீட்டுக்கு ஓடையிலிருந்து இழுத்த ஒரே ஒரு ஹோஸ் இருக்கும் காலனியில், காலை ஆறு மணிக்குப் பல் விளக்கும் வரிசையை நினைத்துப் பாருங்கள். படத்தில் இருந்த பிரஷ்களும் பெரியவர்கள் அளவு, பிள்ளைகளின் வாய்க்குள் திரும்பாது. என்னிடம் கேட்டிருந்தால் சின்ன பிரஷ் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

சரி, பல் கெட்டுவிட்டது. அப்புறம்? இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

காலனியிலிருந்து மெயின் ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. அங்கிருந்து பஸ். பல் மருத்துவர் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில் காலையிலேயே சீட்டு வாங்க வேண்டும். திரும்பும்போது இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும், யானைப் பாதை. ஆக ஒரு பல்லுக்கு ஒரு நாள் கூலி போச்சு. சொத்தையை அடைத்துக் காப்பாற்ற வேண்டுமானால், வேர் சிகிச்சை என்றால் மூன்று நான்கு தடவை போக வேண்டியிருக்கும். பிடுங்குவதற்கு ஒரே தடவை போதும். நாலு நாள் கூலியை விடவா, ஒரு பல்லை விடவா? "பிடுங்கிடுங்க" என்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, இவர்களுக்குப் பல்லின் அருமை தெரியவில்லை என்று நாம் எழுதுகிறோம். தனியாரிடம் வேர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் 4,000 ரூபாய்க்குக் குறையாது, மேலே உறை தனிக்காசு. காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் சிகிச்சைக்கு. தாடை உடைந்தால் பார்ப்பார்கள். சொத்தைப் பல்லை அடைக்கக் கிடைக்காது.

மூன்று வருடம் முன்னால் ஒரு பணியர் அக்காவைத் தனியார் பல் கிளினிக் ஒன்றுக்கு நானும் மனைவியும் கூட்டிப் போனோம். எந்த ஊர், எந்த கிளினிக் என்பது வேண்டாம். கன்னம் ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என் மனைவியிடம் "உக்காருங்க" என்றாள். அந்த அக்காவிடம் "நீ அங்க நில்லு" என்றாள். மகள் வயதுப் பெண். கெட்ட பெண் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்கள் ஊரில் நரைத்த ஆதிவாசிப் பெரியவரையும் வா, போ என்றுதான் கூப்பிடுவார்கள், கூப்பிடுகிறவர்களுக்கு அது உறுத்துவதே இல்லை. உள்ளே போனதும் டாக்டர் என்னைப் பார்த்து "எந்தப் பல்லாம்?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், வலிப்பது என் வாயா? பல்லை எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள். திரும்பும்போது ஜீப்பில் அக்கா சொன்னது: "இனி அங்க வேண்டாண்ணா. மாத்திரையே போதும்."

மாத்திரையே போதும் என்றால் அது என் கடைதான். வலி அமுங்கும், சீழ் உள்ளேயே இருக்கும். எங்கள் பகுதியில் இன்னொரு பயமும் உண்டு, சிக்கிள் செல் ரத்தசோகை. ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். 1952இலேயே நீலகிரிப் பழங்குடிகளிடம் அதைக் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். அதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023இல் வந்தது. அந்த நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் எங்கே கிருமித் தொற்று ஏற்பட்டாலும் அது பெரிய வலி நெருக்கடியைக் கிளப்பிவிடலாம். பல்லில் பிடித்த சீழும் தொற்றுதான். பல்லுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அந்த வலியில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது, பார்க்க வேண்டியவற்றில் பல்லும் உண்டு. பார்க்கிறார்கள், சீட்டும் எழுதுகிறார்கள். அந்தச் சீட்டு பல நாள் கழித்து மடிந்து, ஈரமாகி, என் கடைக்கு வருகிறது. "இதுல என்னண்ணா எழுதிருக்கு?"

முடியாத காரியம் என்று சொல்ல வரவில்லை. கூடலூரில் ஆதிவாசிகளுக்கான அஸ்வினி என்கிற சுகாதார அமைப்பு 1990 முதல் இருக்கிறது. ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, தடுப்பூசி, பிரசவம், சிக்கிள் செல் எல்லாவற்றையும் காலனி வாசலுக்குக் கொண்டு போனவர்கள். அதே வழியில் பல்லும் போகலாம். சில்வர் டையமைன் புளோரைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. சொத்தை விழுந்த இடத்தில் தடவினால் பெரும்பாலும் அதற்குமேல் பரவாது. துளை போட வேண்டாம், ஊசி வேண்டாம், கரண்ட் வேண்டாம். பட்ட இடம் கறுத்துப் போகும், அதுதான் பெரிய குறை. 2021இல் உலக சுகாதார அமைப்பு அதையும் புளோரைடு பேஸ்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வரும் மாநிலத்தில் இதுவும் வரலாம். என் வியாபாரம் கொஞ்சம் படுக்கும், பரவாயில்லை.

அதுவரை, முகாம் போட வரும் பல் மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பிரஷ் வேண்டாம், என் கடையில் 20 ரூபாய்க்குத் தொங்குகிறது. அடைக்கும் சாமானோடு வாருங்கள். ஆறு மாதம் கழித்து அதே காலனிக்குத் திரும்பி வர முடியும் என்றால் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அன்றைக்குத்தான் தோட்ட வேலை இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவரிடம் "வாங்க, உக்காருங்க, எந்தப் பல்லு?" என்று அவரிடமே கேளுங்கள். நாலு மணிக்கு மூட்டை கட்டிவிடுங்கள், யானை இறங்கும் நேரம். கட்டன் நான் வாங்கித் தருகிறேன், சர்க்கரை குறைத்துப் போடச் சொல்லி.